அபய தானமும் மருத்துவ அறிவும்



ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்பது சமண அறம். குழந்தைப் பருவத்தில் இரத்தப் புற்றுநோயை வென்று வளர்ந்தவர்களுக்கு ஔஷதம் கிடைத்துவிட்டது. அபயமே இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

முற்காலத்தில் இந்நோய் கண்ட குழந்தை சில மாதங்களில் மறைவதே வழக்கம். 1948இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தால் நோய் தற்காலிகமாகத் தணிவதை அறிவித்தார். அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். இன்று வளர்ந்த நாடுகளில், குழந்தைகளிடம் மிகுதியாகக் காணும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகை நோயுற்ற நூற்றுவரில் ஏறத்தாழ 90 பேர் பிழைக்கின்றனர்.

எனினும், நோயணுவைக் கொல்லும் மருந்தும் கதிர்வீச்சும் நல்ல உயிரணுக்களின் மரபுப்பொருளையும் தாக்கவல்லவை. எட்டோபோசைடு என்னும் மருந்து செலுத்தப்பட்ட சிலருக்கு 11ஆம் குரோமோசோம் முறிந்து, சில ஆண்டுகளில் வேறுவகை இரத்தப் புற்றுநோய் தோன்றியதுண்டு. தலையில் கதிர்வீச்சு பெற்ற சிலருக்குப் பல்லாண்டுகள் கழித்து மூளையுறையில் கட்டி எழுந்ததுண்டு. ஆதலால், இன்று கதிர்வீச்சு கூடியவரை தவிர்க்கப்படுகிறது. எம்மருந்து, எவ்வளவு என்னும் குறிப்பேட்டைப் பெற்றோர் பேணிக் காத்துப் பிள்ளையிடம் ஒப்படைத்தல் வேண்டும். பிள்ளையும் வாழ்நாள் முழுதும் மருத்துவர் கூறும் சோதனைகளைத் தவறாது செய்துகொள்ளல் வேண்டும்.

அச்சம் பெரிதாவது மணப்பருவத்தில்தான். "பிறக்கும் குழந்தைக்கும் வந்துவிடுமோ?" என்னும் ஐயத்தால் நல்ல வரன்கள் கைநழுவுகின்றன. உடலின் பிற அணுக்களில் நேர்ந்த முறிவு அவ்வுடலோடு முடிவது. கருவணுவில் நேரும் மாற்றமே வழித்தோன்றலுக்குச் செல்வது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1994இல் தொடங்கிய பெருந்தொடராய்வில், குழந்தைப் பருவத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களின் மக்களிடம், அச்சிகிச்சையால் பிறவிக் குறைகள் மிகுந்ததாகக் காணப்படவில்லை. சிலருக்குக் கருவளம் குறையலாம். சில குடும்பங்களில் பிறவியிலேயே அமைந்த மரபுக்கூறு நோய்க்கு ஏதுவாகலாம். இவற்றை ஆராய்ந்து உரைக்க வேண்டியவர் மருத்துவரே; ஊர்ப்பேச்சு அன்று.

முன்வினை என்று கூறி ஒருவரை ஒதுக்குவதும் அறமன்று. வினைக்கொள்கை தன் வினைக்குத் தானே பொறுப்பு எனக் கற்பிக்கிறதேயன்றி, பிறர் பிணியைப் பழிக்கக் கற்பிக்கவில்லை. உள்ளதை உள்ளவாறு காண்பதே நற்காட்சி. சம்பந்தம் பேசும் இல்லத்தார், மறைத்தலும் வெறுத்தலும் இன்றி, இருதரப்பும் சேர்ந்து மருத்துவரை அணுகி உண்மை அறிவார்களாயின், நோயை வென்ற பிள்ளைக்கு அதுவே அபய தானம்.

அறம் வளர்க!