கொல்லை மரத்து நாரைகள்



பறவைகள் எங்கே வாழும்? காட்டில் என்று சொல்வோம். வீட்டுக் கொல்லையை நம்பி வாழும் பறவைகளும் உண்டு. அஸ்ஸாம் மாநிலத்தில் அப்படி ஒரு நாரை இருக்கிறது. அதன் பெயர் ஹர்கிலா. எலும்பை விழுங்குவது என்று பொருள்.

ஹர்கிலா 5 அடி உயரம் இருக்கும். கழுத்தில் பை போல ஒன்று தொங்கும். மீன் தின்னும். செத்த விலங்குகளையும் தின்னும். அதனால் ஊர் சுத்தமாகும். உலகத்திலேயே அஸ்ஸாம், பீகார், கம்போடியா நாடு ஆகிய மூன்று இடங்களில்தான் இது கூடு கட்டுகிறது.

அஸ்ஸாமில் காம்ரூப் மாவட்டம். அங்கே தாதரா, பச்சாரியா, சிங்கிமாரி என்று மூன்று கிராமங்கள். கொல்லையில் உள்ள உயரமான மரங்களில் ஹர்கிலா கூடு கட்டும். மரத்தடியில் எச்சம் விழும். அழுகிய இறைச்சி விழும். நாற்றம் தாங்காது. அதனால் மக்கள் மரங்களை வெட்டினார்கள்.

2007-ஆம் ஆண்டு. பூர்ணிமா தேவி பர்மன் என்ற பெண் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துவந்தார். ஒருவர் தம் கடம்ப மரத்தை வெட்டுவதைப் பார்த்தார். குஞ்சுகள் கூட்டோடு கீழே விழுந்தன. ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். அங்கிருந்தவர்கள் அவரையே கேலி செய்தார்கள்.

பூர்ணிமா யோசித்தார். மரம் அவர்களுடையது. குப்பையைக் கூட்டி அள்ளுவதும் அந்த வீட்டுப் பெண்கள்தான். அவர்கள் மனம் வைக்காமல் பறவை பிழைக்காது.

எனவே பெண்களைத் தேடிப் போனார். சமையல் போட்டி வைத்தார். பெண்கள் கூடினார்கள். ஹர்கிலாவைப் பற்றிப் பேசினார்கள். கூடு கட்டும் காலத்தில் பறவைக்கே வளைகாப்பு நடத்தினார்கள்! கீழே விழும் குஞ்சுகளைக் காக்க மரத்தடியில் வலை கட்டினார்கள். பெண்களுக்குத் தறியும் நூலும் கிடைத்தன. துணியில் ஹர்கிலா உருவத்தை நெய்து விற்றார்கள். கையில் காசும் வந்தது.

2010-இல் அந்த ஊர்களில் 28 கூடுகள் இருந்தன. 2022-இல் 250-க்கும் மேல் ஆயின. அந்த ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை பூர்ணிமாவுக்கு விருது கொடுத்தது. அவரோடு சேர்ந்த பெண்கள் 10,000 பேருக்கு மேல்.

எச்சம் இன்றும் விழுகிறது. நாற்றமும் உண்டு. ஆனாலும் மரத்தை வெட்ட மனம் வரவில்லை.

நம் கொல்லையிலும், வயல் வரப்பிலும், குளக்கரையிலும் மரங்கள் இருக்கின்றன. வெட்டும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூடு இருக்கிறதா? குஞ்சு பறக்கும் வரையாவது பொறுங்கள். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுங்கள்.