ஒரு நிமிஷம் எண்ணுங்க: காரியாபட்டியில் ஒரு மூச்சுக் கணக்கு

இந்த எபிசோட்ல கோடிங் இல்லை, ஏ.ஐ. இல்லை, ஸ்டார்ட்அப் கதையும் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு வர்ற சளி, இருமல், நிமோனியா பத்திப் பேசப்போறேன். நான் டாக்டர் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சுட்டு சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிற ஆள். அப்புறம் எதுக்கு இந்த டாபிக்னு கேட்டா, நான் ஒரு தப்பு பண்ணினேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அக்காவைக் காரியாபட்டி பக்கத்துல ஒரு கிராமத்துல கட்டிக்கொடுத்திருக்கோம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போற ரோட்டுல வருமே, அந்தக் காரியாபட்டிதான். போன மார்கழியில அக்கா பையனுக்கு அஞ்சு மாசம். ஒருநாள் ராத்திரி அக்கா போன் பண்ணுச்சு. "தம்பி, பிள்ளைக்கு ரெண்டு நாளா சளி. பால் குடிக்க மாட்டேங்கிறான். மூச்சு ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொல்லுச்சு. நான் பெங்களூர்ல உட்கார்ந்து போன்ல ரெண்டு பக்கம் படிச்சுட்டு, "வைரல்தான்க்கா, மூணு நாள்ல சரியாயிடும்"னு சொல்லிட்டேன். படிச்ச தம்பி சொல்றான்னு அக்காவும் நம்பிடுச்சு.

மறுநாள் காலையில வேற வேலையா அந்தத் தெருவுக்கு வந்த நர்சம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், பிள்ளையைப் பார்த்தாங்க. ஸ்டெதாஸ்கோப் எடுக்கலை. சட்டையைத் தூக்கிவிட்டு, கையில வாட்சை வச்சுக்கிட்டு, ஒரு முழு நிமிஷம் வயிறு ஏறி இறங்குறதை எண்ணினாங்க. 62. விலாவுக்குக் கீழே மூச்சு இழுக்கும்போது குழி விழுந்துச்சு. "இப்பவே கிளம்புங்க"ன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரியில நிமோனியான்னாங்க. ரெண்டு நாள் ஆக்சிஜன். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தான். இப்போ வீட்டையே ரெண்டாக்குறான், அது வேற கதை.

நான் ரெண்டு பக்கம் படிச்சும் கோட்டை விட்டதை, அந்த அம்மா ஒரு நிமிஷத்துல எப்படிப் பிடிச்சாங்க? அந்தக் கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள்ள இழுத்துச்சு.

எண்ணுறதுக்குப் பின்னாடி ஒரு கதை

1980-களில் பாப்புவா நியூ கினியில ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் வேலை பார்த்தார். எக்ஸ்ரே இல்லாத, டாக்டரும் இல்லாத ஊர்ல, சாதாரணச் சளியையும் நிமோனியாவையும் எப்படிப் பிரிக்கிறது? அவரும் மற்ற சில ஆய்வாளர்களும் கண்டது இதுதான்: குழந்தை எவ்வளவு வேகமா மூச்சு விடுது, நெஞ்சுக்குக் கீழே குழி விழுதா என்ற ரெண்டையும் பார்த்தாலே பெரும்பாலும் போதும். இதை வச்சுத்தான் உலக சுகாதார நிறுவனம் விதிமுறை வகுத்தது.

எண்களை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. ரெண்டு மாசத்துக்குக் கீழே இருந்தா நிமிஷத்துக்கு 60 அல்லது அதுக்கு மேல. ரெண்டு மாசத்திலிருந்து ஒரு வயசு வரைக்கும் 50. ஒரு வயசிலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. பிள்ளை அழாம, பால் குடிக்காம, அமைதியா இருக்கும்போது எண்ணணும். ஏறி இறங்கினா ஒண்ணு. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கக் கூடாது. குழந்தைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது, கணக்கு தப்பிடும்.

உலகத்துல இன்னிக்கும் வருஷத்துக்கு 7 லட்சத்துக்கும் அதிகமான அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தைகள் நிமோனியாவால சாகுறாங்க. பல வீடுகள்ல நோய் தெரியாம இல்லை, கிளம்பத் தாமதமாயிடுது. "சளிதானே, விடியட்டும்"னு சொல்ற அந்த ஒரு ராத்திரி. நானும் அதைத்தான் சொன்னேன்.

புகை மேல பழி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டுல விசாரணை ஆரம்பமாச்சு. அக்கா வீட்டுல கேஸ் இருக்கு. ஆனா சிலிண்டர் சீக்கிரம் தீரக் கூடாதுன்னு வெந்நீருக்கும் சோத்துக்கும் சீமைக்கருவேல விறகுதான். அந்தப் பக்கம் அது காசில்லாம கிடைக்கும். "பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு அடுப்பு முன்னாடி உட்கார்ந்தா இப்படித்தான் ஆகும்"னு ஆளாளுக்குச் சொன்னாங்க. அக்கா ஒண்ணும் பேசலை. அழுதுச்சு.

உண்மையிலேயே புகைதான் காரணமா? தேடினப்போ நம்ம ஊர்ப்பக்கத்து ஆய்வே கிடைச்சது. மதுரை அரவிந்த் குழுவும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல 11,728 பச்சிளங்குழந்தைகளை ஆறு மாசம் வரைக்கும் தொடர்ந்து கவனிச்சாங்க. 2009-ல் முடிவு வெளியாச்சு. 92.3 சதவீதக் குழந்தைகள் விறகு, வறட்டி மாதிரி எரிபொருள் புகைக்குள்ள இருந்தவங்க. அவங்களுக்கு மூச்சு சம்பந்தமான நோய் 34 சதவீதம் அதிகம், ஆறு மாசத்துக்குள்ள இறக்கும் அபாயம் 21 சதவீதம் அதிகம்.

படிச்சதும் கேஸ் முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன். ஆனா நம்ம வேலையில ஒரு பழக்கம் உண்டுல்ல? சர்வர் ஸ்லோ ஆன நேரமும் புது ரிலீஸ் போன நேரமும் ஒண்ணா இருந்தா, உடனே ரிலீஸைக் குறை சொல்ல மாட்டோம். அதை ரோல்பேக் பண்ணிப் பார்ப்போம். இங்கேயும் அப்படி யோசிங்க. அந்தக் காலத்துக் கிராமத்துல புகை இல்லாத அந்த 8 சதவீத வீடு யாரோடது? பெரும்பாலும் கொஞ்சம் வசதியான வீடு. அம்மா படிச்சிருப்பாங்க, நல்ல சாப்பாடு இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இருக்கும். ஆய்வாளர்கள் இதையெல்லாம் முடிஞ்ச அளவு கழிச்சுத்தான் கணக்குப் போட்டாங்க. ஆனாலும் வறுமையை முழுசா கழிக்க எந்த ஃபார்முலாவும் கிடையாது.

அப்போ ரோல்பேக் பண்ணிப் பார்க்கணும். அதாவது, பாதி வீடுகளுக்கு கேஸ் கொடுத்துப் பார்க்கணும். அதையும் செஞ்சாங்க. ஹேப்பின் என்று பேர். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, நாலு நாடு. நாட்டுக்குச் சுமார் 800 கர்ப்பிணிகள். இந்தியப் பகுதியைத் தமிழ்நாட்டுலதான் நடத்தினாங்க, கள்ளக்குறிச்சியிலும் நாகப்பட்டினத்திலும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் இங்கே அதுக்குத் தலைமை. குலுக்கல் முறையில பாதிப் பேருக்கு அடுப்பும் சிலிண்டரும் இலவசம், பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும். கேஸ் வந்த வீடுகள்ல நுண்துகள் அளவு கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகு வீடுகள்ல 66. பெரிய வித்தியாசம்.

2024-ல் முடிவு வந்துச்சு. கடுமையான நிமோனியா, நூறு குழந்தைகளை ஒரு வருஷம் கவனிச்சா எத்தனைன்ற கணக்குல, கேஸ் வீடுகள்ல 5.67, விறகு வீடுகள்ல 6.06. புள்ளியியல்படி வித்தியாசம்னு சொல்ல முடியாத அளவு.

கவனிங்க, புகை நல்லதுன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அடுப்புப் புகை அம்மாக்களோட நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கும். கேஸ் அவங்களுக்கு வேணும், தாராளமா வேணும். இந்த முடிவு சொல்றது வேற: சமையலறையை மட்டும் சுத்தம் பண்ணினா நிமோனியா நின்னுடாது.

அப்போ எது நிறுத்தும்?

நிமோனியா ஒரே கிருமி இல்லை. ஏழு நாடுகள்ல நடந்த பெர்ச் என்ற பெரிய ஆய்வுல, ஆஸ்பத்திரியில சேர்ற அளவு நிமோனியாவுல பாதிக்கும் மேல வைரஸால வந்தது. அதுல முதலிடம் ஆர்.எஸ்.வி. ஆனா பாக்டீரியாவும் ஆளைக் கொல்லும். அதுல முக்கியமான ரெண்டுக்குத் தடுப்பூசி இருக்கு. ஹிப் கிருமிக்கு எதிரான மருந்தும் அடங்கின பென்டாவேலன்ட் ஊசி, இந்தியாவுலேயே முதல்ல 2011 டிசம்பர்ல தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் வந்துச்சு. நியூமோகாக்கஸ் ஊசி 2021-ல் இங்கே வந்துச்சு. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாசம். தனியார்ல ஆயிரக்கணக்குல கேட்பாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்.

அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். இருமல்னதும் மெடிக்கல்ல சிரப் வாங்கி ஊத்துறதை நிறுத்துங்க. காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான ஒரு இருமல் சிரப்பைக் குடிச்சு, 2025-ல் மத்தியப் பிரதேசத்துல 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனாங்க. நிமோனியாவை சிரப் குணப்படுத்தாது. நேரத்தைத்தான் தின்னும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அக்காகிட்ட இதையெல்லாம் சொன்னேன். எண்ணைக்கூடப் பேப்பர்ல எழுதிக் காமிச்சேன், 5.67, 6.06. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்ப என் அடுப்பு இல்லையாடா?"ன்னு கேட்டுச்சு. "அடுப்புதான்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. ஆனா அன்னிக்கு ராத்திரியே கிளம்பச் சொல்லாம விட்டது நான்தான்"னு சொன்னேன். அக்கா திட்டலை. "இனிமே எண்ணிட்டுப் பேசு"ன்னு மட்டும் சொல்லுச்சு.

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ கைக்குழந்தை இருந்தா அந்த மூணு எண்ணை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க: 60, 50, 40. மூச்சு வேகமா இருந்தா, குழி விழுந்தா, பால் குடிக்கலைன்னா விடியக் காத்திருக்காதீங்க. 108-க்கு அடிங்க. ஊர்ல இருந்து யாராவது போன் பண்ணினா என்னை மாதிரி வைத்தியம் சொல்லாதீங்க. "ஒரு நிமிஷம் எண்ணிச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்"னு சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.