மூணாறுக்கு ஒரு ரயில் இருந்தது

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில், மூணாறு சுற்றுலாவுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் நாம் மூணாறு போகிறோம். முதல் நாள் மதியம் டாப் ஸ்டேஷன் பார்ப்பதாகத் திட்டம். "மலை உச்சியில் ஏது ஸ்டேஷன்?" என்று போன வாரம் லிஃப்டில் ஒரு அம்மா கேட்டார். அவருக்கு அப்போது சொல்ல நேரமில்லை, மூன்றாவது மாடி வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறுகள் கூடும் இடம் மூணாறு. அங்கே முதலில் இருந்தவர்கள் முதுவர் பழங்குடியினர். 1877-ல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு மன்னரிடம் அந்த மலையைக் குத்தகைக்கு வாங்கினார். காப்பி, சின்கோனா எல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலைதான் நிலைத்தது. கொழுந்து பறிக்க மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆட்களைக் கூட்டிப் போனார்கள். இன்றும் மூணாறு கடைவீதியில் தமிழ் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

தேயிலை விளைந்தால் போதுமா? துறைமுகம் போய்ச் சேர வேண்டுமே! 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும், இழுப்பது மாடு. 1908-ல் அதை மாற்றி, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக அது ஓடியது. டாப் ஸ்டேஷனில் பெட்டிகளை ரோப்வேயில் ஏற்றி, சுமார் 5 கிலோமீட்டர் கீழே கோட்டகுடிக்கு இறக்குவார்கள். அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி.

அந்த மாட்டு வண்டிகளில் ஒன்று என் தாத்தாவுடையது.

1924 ஜூலையில் பெருமழை. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதை 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று இன்றும் சொல்வார்கள். பாலங்களும் தண்டவாளமும் போயின. ஆலுவாயிலிருந்து வந்த பழைய சாலையும் போயிற்று. ரயிலை மறுபடி போடவேயில்லை. ரோப்வேயே போதும் என்று விட்டுவிட்டார்கள். 1931-ல் நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதுச் சாலை திறந்தது. அதுவரை போடியைப் பார்த்து இருந்த ஊர், மெல்ல மேற்கே கொச்சிப் பக்கம் திரும்பியது.

போடிக்கு ரயில் வந்தது 1928-ல்தான். அதுவும் நிலைக்கவில்லை. உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். நான் சின்ன வயதில் மதுரைக்குப் போனது அந்த ரயிலில்தான். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றது, 2023 ஜூனில்தான் திரும்ப ஓடியது.

ஆக, மலையடிவாரத்து ஊரானாலும் பள்ளத்தாக்கு ஊரானாலும், ரயில் வரும், போகும். வந்தது சரக்குக்காக, சரக்குக்கு வேறு வழி கிடைத்தால் நம்மைக் கேட்டுக்கொண்டு நிற்காது. ஆனால் அந்த ரயிலை நம்பி வந்து குடியேறிய மனிதர்கள் போகவில்லை. ஊர் என்பது அவர்கள்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு சில மாதம் வண்டி சும்மா நின்றது, ஒரு மாட்டை விற்றோம் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெட்டிக்கு என்ன கூலி, ஒரு நடைக்கு எத்தனை பெட்டி, மாடு எவ்வளவுக்குப் போனது? எதையும் நான் கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷம் வங்கியில் ஊரார் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாக எழுதினவன், சொந்தத் தாத்தா கணக்கை எழுதாமல் விட்டுவிட்டேன். இனி அதைச் சொல்ல யாருமில்லை.

உங்கள் வீட்டில் எண்பது வயதுக்காரர் யாராவது இருந்தால், இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

மூணாறில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகக் கட்டடத்தையும் பார்த்து வாருங்கள். அதுதான் பழைய ரயில் நிலையம். டாப் ஸ்டேஷனில் கிழக்கே எட்டிப் பார்த்தால் நம் தேனி மாவட்டம் தெரியும். பனி விலகினால் கோட்டகுடிப் பக்கத்தை நான் காட்டுகிறேன்.