பதினாறு வயதும் ஒரு பேரிக்காய் மரமும்

(யூபிலி விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



புனித அகுஸ்தினாரை ஆயராகவும் மறைவல்லுநராகவும் நாம் அறிவோம். பதினாறு வயது அகுஸ்தினாரை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் கி.பி. 354-இல் பிறந்தவர் அவர். வெளியூரில் படித்து வந்தவர், மேற்படிப்புக்குப் பணம் சேரும்வரை ஓராண்டு வீட்டில் சும்மா இருக்க நேர்ந்தது. அப்போது ஒரு நள்ளிரவில் கூட்டாளிகளோடு போய் அடுத்தவர் பேரிக்காய் மரத்தை உலுக்கினார். பசியா? இல்லை. அதைவிட நல்ல பழம் அவரிடமே இருந்தது. சுமைசுமையாகப் பறித்ததைப் பன்றிகளுக்குத்தான் எறிந்தார்கள்.

ஆயரான பிறகு இறைவன் முன் தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய நூலில், இந்தச் சிறு திருட்டுக்கு அவர் பல பக்கங்கள் ஒதுக்குகிறார். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டாராம். இன்னொன்றும் சொல்கிறார், பெற்றோர் கவனிக்க வேண்டியது அதுதான். தோழர்கள் தங்கள் கெட்ட காரியங்களைச் சொல்லிப் பெருமையடிக்கும்போது, தாம் இளப்பமாகிவிடக் கூடாதே என்று, செய்யாததையும் செய்ததாகச் சொல்லிக்கொண்டாராம். நல்லவனாக இருப்பதற்கு வெட்கம்! பீடச் சிறுவனாயிருந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பு வந்ததும், ‘சாமியார்’ என்று கேலி செய்வார்களே என அங்கியைக் கழற்றி வைக்கிறானே, அதே வெட்கம்தான்.

தந்தை பத்ரீசியுஸ் வசதி மிக்கவர் அல்லர். ஆயினும் மகனைக் கார்த்தேஜ் நகருக்கு அனுப்பிச் சொல்வன்மை கற்பிக்க அரும்பாடுபட்டார், ஊரே புகழ்ந்தது. மகனுடைய நாவைப் பண்படுத்துவதில் இருந்த அக்கறை, அவன் உள்ளம் எப்படி வளர்கிறது என்பதில் இல்லையே என்று அகுஸ்தினாரே பின்னர் வருந்துகிறார்.

நம் பங்கிலும் பேச்சுப் போட்டிகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் கணீரென்று முழங்குகிறார்கள். (எழுதிக் கொடுத்தவர் அப்பா என்பது நடுவர்களுக்கும் தெரியும்!) அதே பிள்ளை வீட்டில், “எனக்குக் கணக்குப் பிரிவு வேண்டாம்ப்பா, வரலாறு படிக்கிறேன்” என்றால் கிடைக்கும் விடை என்ன? “பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதே.” நம்மிடம் மரியாதையாக ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பழகாத பிள்ளை, இரவில் வந்து கூப்பிடும் தோழர்களிடம் மட்டும் எப்படிச் சொல்வான்?

நாசரேத்துக் குடும்பத்தைப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் இயேசு கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்து கேள்வி கேட்டார். தேடி வந்த தாய் கடிந்துகொண்டார். மகன் சொன்ன பதிலோ பெற்றோருக்கு விளங்கவில்லை. லூக்கா அதை மறைக்காமல் எழுதுகிறார். விளங்காததையும் அன்னை தம் உள்ளத்தில் இருத்திக்கொண்டார். மகனும் அவர்களோடு வீடு திரும்பிப் பணிந்து நடந்தார். பேசவிட்டால் பிள்ளை கைமீறிப் போய்விடும் என்று அஞ்சுவோர் அந்த இரண்டாம் அதிகாரத்தை இன்றிரவு குடும்ப செபத்தில் வாசியுங்கள்.

இந்த யூபிலி ஆண்டில் மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின், ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகள் பங்குப் பேரவையோடு அமர்ந்து தங்கள் மனத்தில் உள்ளதைப் பேசுவார்கள். தயவுசெய்து யாரும் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டாம். பெற்றோருக்குப் பின்வரிசையில் இடம் உண்டு.