சக்கரக் காலணியோடு வந்த பேச்சாளர்கள்



அமெரிக்காவின் சிறு நகரங்களில் ரோட்டரி, அரிமா, கிவானிஸ் போன்ற சேவைச் சங்கங்கள் காலைச் சிற்றுண்டியோடோ மதிய உணவோடோ கூடுவது பல காலமாக உள்ள வழக்கம். ரோட்டரி சங்கம் என்றால் தலைவர் மணி அடித்துக் கூட்டத்தைத் தொடங்குவார். வந்த விருந்தினர்களை அறிமுகம் செய்வார்கள். யார் வீட்டிலாவது பேரக்குழந்தை பிறந்திருந்தால் அவர் எழுந்து அந்தச் செய்தியைச் சொல்லி, ஒரு டாலரை உண்டியலில் போடுவார். பிறகு சிறப்புப் பேச்சாளர் வருவார். அவருக்குக் கிடைப்பது சுமார் இருபது நிமிடம். அதற்குள் பேசி முடித்து, கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். வங்கி மேலாளர், பள்ளிக் கண்காணிப்பாளர், தீயணைப்புத் துறை அதிகாரி, ஊர் வரலாறு எழுதியவர் என்று வாரத்துக்கு ஒருவர் வருவார்.

அந்த மேடைக்கு இப்போது ரோலர் டெர்பி ஆடும் பெண்களும் வருகிறார்கள். ஒருவர் செவிலியராக இருப்பார், இன்னொருவர் பள்ளி ஆசிரியையாக இருப்பார். கையில் ஹெல்மெட்டும் நான்கு சக்கரம் வைத்த ஸ்கேட்ஸும் இருக்கும். இந்தப் பெண்களைப் பற்றியும், அவர்கள் பேச வரும் மேடையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இரண்டுக்கும் பின்னால் நல்ல வரலாறு இருக்கிறது.

முதலில் ஆட்டம். வானொலியில் படம் காட்ட முடியாது. ஆனால் நம்மவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் நமக்குக் கபடி தெரியும். எதிரணியின் எல்லைக்குள் ஒற்றை ஆளாக நுழைந்து, பிடிபடாமல் திரும்பி வந்தால்தானே புள்ளி? ரோலர் டெர்பியிலும் ஓர் அணியில் ஒருவருக்குத்தான் புள்ளி எடுக்கும் வேலை. அவருக்கு ஜாமர் என்று பெயர். ஹெல்மெட்டின் மேல் நட்சத்திரம் போட்ட துணியுறை மாட்டியிருப்பார். மற்ற நால்வர் பிளாக்கர்கள், அதாவது மறிப்பவர்கள். முட்டை வடிவத் தடத்தில் இரண்டு அணியின் பிளாக்கர்களும் நெருக்கமாகக் கூட்டமாய் நிற்பார்கள். விசில் ஊதியதும் இரண்டு ஜாமர்களும் பின்னாலிருந்து வந்து அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே போக வேண்டும்.

முதல் முறை கடப்பதற்குப் புள்ளி கிடையாது. ஆனால் தவறேதும் செய்யாமல் முதலில் வெளியே வந்தவர்தான் முன்னணி ஜாமர். அவருக்கு ஓர் உரிமை கிடைக்கும். இரண்டு நிமிடம் வரை நீளக்கூடிய அந்தச் சுற்றை, தனக்கு வேண்டிய நேரத்தில் இடுப்பில் கைகளைத் தட்டி அவர் நிறுத்திவிடலாம். இரண்டாம் முறை வரும்போது, தாண்டிச் செல்லும் ஒவ்வோர் எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி. ஒரு சுற்றுக்கு ஜாம் என்று பெயர். ஜாம் முடிந்தால் முப்பது விநாடி இடைவெளி, பிறகு அடுத்த ஜாம். இப்படி அரை மணி அரை மணியாக இரண்டு பகுதி, மொத்தம் ஒரு மணி நேரம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், ஒரே ஆள் ஒரே நேரத்தில் தாக்கவும் தடுக்கவும் வேண்டியிருப்பதுதான். எதிரணி ஜாமரை மறித்துக்கொண்டிருக்கும் அதே நொடியில், தன் ஜாமருக்கு வழி திறந்துவிட வேண்டும். பந்து கிடையாது, வலை கிடையாது. இருப்பதெல்லாம் உடம்பும் சக்கரமும் கணக்குப் போடும் மூளையும்தான். முன்னணி ஜாமர் நான்கு புள்ளி எடுத்தவுடன், எதிரணி ஜாமர் நெருங்கிவிட்டார் என்று கண்டு இடுப்பைத் தட்டிச் சுற்றை முடிக்கும் அந்த முடிவில் எவ்வளவு நிதானம் இருக்கிறது!

இதை விளக்கி முடித்ததும் சங்கக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். ஒன்று, "அடிபடாதா?" அடிபடும். கணுக்கால் முறிவதும் உண்டு. அதனால்தான் ஹெல்மெட், பல்காப்பு, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் கவசங்கள் எல்லாம் கட்டாயம். தோளாலும் இடுப்பாலும் நெஞ்சுப் பகுதியாலும் இடிக்கலாம். முழங்கையால் குத்தவோ, தலையால் மோதவோ, காலைத் தட்டிவிடவோ, முதுகில் இடிக்கவோ கூடாது. மீறினால் முப்பது விநாடி வெளியே உட்கார வேண்டும். ஏழு முறை அப்படிப் போனால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. புதிதாகச் சேருபவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே பத்திரமாக விழுவது எப்படி, விழுந்த வேகத்தில் எழுவது எப்படி என்பதைத்தான். சக மனிதரை இடிக்கும் பயிற்சி அதற்கெல்லாம் பிறகு.

இரண்டாவது கேள்வியை வயதானவர்கள் கேட்பார்கள். "இதெல்லாம் முன்பே பேசிவைத்த சண்டைதானே? நாங்கள் சின்ன வயதில் தொலைக்காட்சியில் பார்த்தோமே!" அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு விடை சொல்ல 1935-க்குப் போக வேண்டும்.

அது பெரும் பொருளாதார மந்தக் காலம். வேலையில்லாத கூட்டத்துக்கு மலிவான பொழுதுபோக்கு தேவைப்பட்டது. சிகாகோவின் கொலிசியம் அரங்கில் ஆகஸ்ட் 13 அன்று லியோ செல்ட்சர் என்பவர் ஒரு நெடும் பந்தயத்தைத் தொடங்கினார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடி. சக்கரக் காலணியில் மாறி மாறி ஓட வேண்டும். அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரையிலான தூரத்தை அரங்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கடக்க வேண்டும். பல ஜோடிகள் பாதியில் விலகின. செப்டம்பர் 22 அன்று வென்றவர்கள் கிளாரிஸ் மார்ட்டின் என்ற பெண்ணும் பெர்னி மெக்கே என்ற ஆணும். அந்தக் காலத்தில் ஜோசபின் போகாஷ் என்ற தாய் தன் மகன் பில்லியோடு களமிறங்கினார். ரசிகர்கள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். சில ஆண்டுகளில் இடித்து மறிக்கும் ஆட்டமாக இது மாறியது. ஆண்களும் பெண்களும் அடுத்தடுத்த பகுதிகளில் ஆடினார்கள். ஒரே விதி, ஒரே தடம், இருவர் எடுத்த புள்ளியையும் கூட்டித்தான் அணியின் கணக்கு. 1930-களில், உலகின் பெரும்பாலான மைதானங்கள் பெண்களைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்திருந்த காலத்தில் நடந்தது இது.

1937 மார்ச்சில் இல்லினாய் மாநிலத்தின் சேலம் என்ற ஊரருகே ஆட்டக்காரர்கள் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்தது. இருபது பேர் அளவில் இறந்துபோனார்கள். அவர்கள் நினைவாக, 1 என்ற எண் போட்ட சட்டையை அதன் பிறகு யாருக்கும் தரவில்லை. ஆட்டம் அந்தத் துயரத்தைத் தாண்டி வாழ்ந்தது. 1940-களின் இறுதியில் தொலைக்காட்சி வந்ததும் நாடெங்கும் பரவியது. பிறகு கூட்டம் சேர்க்கும் ஆசையில் நாடகம் கூடிக்கொண்டே போனது. 1973-இல் செல்ட்சர் குடும்பம் கடையை மூடியது. 1989-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அரங்கின் நடுவே முதலைக் குழியே வைத்துவிட்டது! பெரியவர்கள் மனதில் பதிந்திருப்பது இந்தக் காலத்து நினைவுகள்தான்.

இன்றைய ஆட்டம் வேறு. அதன் பிறப்பு 2001-இல், டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில். யோசனையைக் கிளப்பியவர் ஓர் ஆண். அவர் சிறிது காலத்தில் விலகிப் போய்விட, சேர்ந்திருந்த பெண்கள் கலையாமல் தாங்களே நடத்தத் துணிந்தார்கள். நிர்வாகம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கருத்து வேறுபாட்டில் 2003-இல் ஒரு பெரும் பகுதியினர் பிரிந்து, டெக்சாஸ் ரோலர்கேர்ள்ஸ் என்ற அணியமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் இந்த விளையாட்டின் தலையெழுத்தையே மாற்றியது. பழைய தடம் சாய்வாக எழுப்பிய மரத்தடம். கட்டவும் செலவு, கழற்றி எடுத்துப்போகவும் செலவு. இவர்கள் சமதளத்திலேயே ஆடினார்கள். தரையில் கயிற்றை வளைத்து வைத்து, மேலே டேப் ஒட்டினால் தடம் தயார். கயிற்றின் மேல் சக்கரம் ஏறினால் எல்லைக்கு வந்துவிட்டோம் என்று குனிந்து பார்க்காமலே காலுக்குத் தெரிந்துவிடும். ஒரு கூடமும் ஒரு கயிறும் கிடைத்தால் எந்த ஊரிலும் ஆடலாம் என்று ஆனது. கிடங்குகள், கண்காட்சி அரங்குகள், கோடையில் சும்மா கிடக்கும் ஐஸ் ஸ்கேட்டிங் கூடங்கள் எல்லாம் பயிற்சி இடங்களாயின.

2004-இல் அணியமைப்புகள் கூடித் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அடுத்த ஆண்டு அவற்றின் பிரதிநிதிகள் நேரில் கூடிப் பேசியது, வேறெங்கும் இல்லை, சிகாகோவில். இன்று மகளிர் சமதள டெர்பி சங்கம் என்ற பெயரில் ஆறு கண்டங்களில் அதற்கு உறுப்பு அணியமைப்புகள் உண்டு. 2011-இல் டொரண்டோவில் முதல் உலகக் கோப்பை நடந்தது. 2012-இல் எகிப்தின் கெய்ரோவில்கூட ஓர் அணி தொடங்கியது. விளையாடுகிறவர்களே விதி எழுதுகிறார்கள், வாக்களிக்கிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள். சம்பளம் கிடையாது. மாதச் சந்தா கட்டித்தான் ஆடுகிறார்கள். பயிற்சிக் குழுவில் இருப்பவர் மறுநாள் டிக்கெட் விற்பார், அதற்கடுத்த நாள் தரையில் டேப் ஒட்டுவார். பல அணியமைப்புகள் வசூலில் ஒரு பங்கை உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கின்றன.

இதைக் கேட்கும்போது உங்களுக்கே தோன்றியிருக்கும். சந்தா கட்டும் உறுப்பினர்கள், சுழற்சியில் பொறுப்புகள், சம்பளமில்லாத உழைப்பு, ஊருக்கு ஒரு பங்கு. ரோட்டரி சங்கமும் இப்படித்தானே இயங்குகிறது? அதுவும் பிறந்தது சிகாகோவில்தான். 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு ஓர் அலுவலக அறையில் கூடித் தொடங்கியது. ஒரே ஊரில் பிறந்த இரண்டும் பெண்களை நடத்திய விதத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. டெர்பியின் முதல் நாளிலேயே பெண் தடத்தில் நின்றாள். ரோட்டரியில் அவள் உறுப்பினராவதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அந்தக் கதையையும் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிறிய ஊர். அங்கிருந்த ரோட்டரி சங்கத்தில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. 1977-இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். விதி ஆண்களுக்கு மட்டுமே என்று சொல்லி, மறு ஆண்டு தலைமை அமைப்பு அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. டுவார்ட்டேக்காரர்கள் பெண்களை வெளியேற்றச் சம்மதிக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். கடைசியில் 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பள்ளி முதல்வரான சில்வியா விட்லாக் அந்தச் சங்கத்தின் தலைவரானார். 1989-இல் உலகெங்கும் விதி மாறியது. அரிமா சங்கமும் கிவானிஸும் 1987-லேயே கதவைத் திறந்துவிட்டன. 2022-இல் கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ் ரோட்டரியின் முதல் பெண் உலகத் தலைவராகப் பொறுப்பேற்றார். டுவார்ட்டேயின் பிடிவாதத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். தன் சங்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காரத் தகுதியான பெண் வெளியே நிற்கிறாள் என்ற நேரான கணக்கை அவர்கள் போட்டார்கள்.

அதனால்தான், டெர்பி ஆடும் பெண் ஒருத்தி ரோட்டரி மேடையில் மைக்கைப் பிடிப்பதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். இரு பக்கத்துக்கும் தேவை இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு ஸ்கேட்ஸ் கட்டிய நடுவர்களே ஏழு பேர் வரை வேண்டும். அது போக நேரம் பார்ப்பவர், புள்ளி எழுதுபவர், தண்டனைக் கணக்கு வைப்பவர் என்று ஒரு கூட்டமே வேண்டும். எல்லோரும் தன்னார்வலர்கள். 2020-இல் கொரோனா வந்து பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டதில் பல அணியமைப்புகள் ஆட்களை இழந்தன. சேவைச் சங்கங்களிலோ வயது கூடிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் ரோட்டரி உறுப்பினர் எண்ணிக்கை பல ஆண்டுகளாகக் குறைந்துவருகிறது. அந்த இருபது நிமிடத்தில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் புள்ளி எழுத வர ஒப்புக்கொள்ளலாம். அணியின் பொருளாளராக இருக்கும் இளம்பெண் ஒருத்தி சங்கத்தில் சேரலாம்.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு வார்த்தை. சென்னையில் ரோட்டரி 1929 முதல் இருக்கிறது. இன்று சிறு நகரங்களில்கூட ரோட்டரியும் அரிமாவும் இல்லாத இடம் குறைவு. சக்கரம் கட்டி ஓடும் பெண்களும் நம்மிடம் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மகளிர் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் இந்தியா வெண்கலம் வென்றதே, அந்த நால்வர் அணியில் ஆரத்தி கஸ்தூரி ராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் இருவரும் தமிழ்நாட்டுப் பெண்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். விளையாட்டு வீராங்கனையை அழைத்தால், பொன்னாடை போர்த்திப் படம் எடுத்ததோடு அனுப்பிவிடாதீர்கள். மைக்கைக் கொடுத்து இருபது நிமிடம் பேசவிடுங்கள். பயிற்சிக்கு இடம் கிடைக்கிறதா, பயணச் செலவை யார் கொடுக்கிறார்கள், அடிபட்டால் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் உங்கள் சங்கம் அடுத்த ஆண்டு செய்ய வேண்டிய வேலை இருக்கும்.