எஞ்சின் ஓடும்போதே பாட்டரியும் ஏறட்டும்

(வானொலிப் பேச்சு)



கெடிலக் கரையோரம் திருவதிகை, பண்ருட்டிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு 2011 டிசம்பர் 30-ந் தேதியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து இரவு பகலாகக் கம்பம் நட்டார்கள். அப்படியும் பல கிராமங்களுக்கு வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. பக்கத்திலேதான் நெய்வேலி இருக்கு. அங்கே மின்சாரம் விளைகிறது. நம்ம வீட்டிலே சிம்னி விளக்கு! 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கமும் இதே கதைதான். செல்போனுக்கு சார்ஜ் போட, வாடகை ஜெனரேட்டர் முன்னால் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

இதிலே யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. அந்த மாதிரி நாட்களில் வயலில் தேங்கின தண்ணீரை வெளியேற்ற, வாய்க்காலிலிருந்து இறைக்க, ஆயில் எஞ்சின் எப்படியும் ஓடும். பகலெல்லாம் எஞ்சின் ஓடுகிறது, ராத்திரி அதே வீட்டில் இருட்டு. ஓடுகிற எஞ்சினில் இன்னொரு பெல்ட்டை மாட்டி ஒரு ஆல்டர்னேட்டரைச் சுற்றினால், இரண்டு பாட்டரி ஏறிவிடும். ராத்திரிக்கு விளக்கு, மின்விசிறி, போன் எல்லாத்துக்கும் ஆச்சு. இது புது வித்தை இல்லை. மைக் செட்காரர்கள் மின்சாரம் எட்டாத ஊர்களில் பாட்டரியை வைத்துத்தான் திருவிழா நடத்தினார்கள். 1990-ல் மறுபடி போர் மூண்ட பிறகு யாழ்ப்பாணத்தில் பல வருஷம் மின்சாரமே கிடையாது. அங்கே சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டினார்கள். முடை வந்தால் மூளை வேலை செய்யும். ஆனால் புயல் அடித்த பிறகு பட்டறையைத் தேடி அலைவதைவிட, ஐப்பசிக்கு முன்னாலேயே செய்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஆல்டர்னேட்டர் வாங்குவதைச் சொல்கிறேன். காயலாங்கடையில் பழசு கிடைக்கும். ஆனால் லாரி, பஸ்ஸிலிருந்து கழற்றினதை எடுத்துவிடாதீர்கள். பெரிய வண்டிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். நமக்கு வேண்டியது 12 வோல்ட். கார், ஜீப், டிராக்டரில் இருப்பது அதுதான். 35 ஆம்பியர், 45 ஆம்பியர் என்று அதன் மேலே போட்டிருக்கும், அது போதும். சிலர் பழைய டைனமோவே இருக்கு, அதையே மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டலாம்; ஆனால் அதுக்குத் தனியாக கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் வேண்டும், கார்பனும் அடிக்கடி தேயும். எனக்குக் கேட்டால் டைனமோவை மறந்துவிடுங்கள் என்பேன். ஆல்டர்னேட்டருக்கு உள்ளேயே ரெகுலேட்டர் வைத்த வகையாகப் பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. வாங்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள். பேரிங் கரகரவென்று சத்தம் போட்டால் புதுசு போட்டுக்கொள்ள வேண்டும். முடிந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது புல்லிக் கணக்கு. இதிலேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் கொடுக்காது. நிமிஷத்துக்கு 1000, 1200 சுற்று தாண்டினால்தான் அது வாயைத் திறக்கும். 3000-லிருந்து 4000 சுற்று இருந்தால் நல்லபடியாகக் கொடுக்கும். நம்ம 5 குதிரைசக்தி டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு 1500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஆல்டர்னேட்டர் புல்லி இரண்டரை அங்குலம். எஞ்சின் பக்கம் 6 அங்குலப் புல்லி போட்டால், 1500-ஐ 6-ஆல் பெருக்கி இரண்டரையால் வகுத்தால் 3600 வரும். கணக்கு அவ்வளவுதான். பழைய காலத்து மெதுவாக ஓடுகிற எஞ்சின் என்றால் 650 சுற்றுதான். அதுக்கு எஞ்சின் பக்கம் 14 அங்குலப் புல்லி வேண்டும். பம்பு நேரடியாக இணைந்திருக்கிற எஞ்சினில், பம்பு இல்லாத பக்கம் பிளைவீலில் புல்லியைப் பொருத்தணும். இதை மட்டும் வீட்டில் துளை போட்டுச் செய்யாதீர்கள். மையம் ஒரு நூல் விலகினாலும் எஞ்சின் ஆடும், பெல்ட் அறுக்கும், பேரிங் போகும். லேத் பட்டறையில் கொடுத்து மையம் பார்த்துச் செய்து வாங்குங்கள்.

ஆல்டர்னேட்டரை நிறுத்த ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் வெல்டிங் செய்து, எஞ்சின் நிற்கிற அதே சட்டத்தோடு போல்ட் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் ஒரு இடம், ஆல்டர்னேட்டர் ஒரு இடம் என்று தனித்தனியாக நின்றால், எஞ்சின் அதிர அதிர பெல்ட் நழுவிக்கொண்டே இருக்கும். ஒரு போல்ட் நீளத் துளையில் நகரும்படி இருக்கட்டும்; பெல்ட்டை இறுக்க, தளர்த்த அது உதவும். கட்டை விரலால் அழுத்தினால் பெல்ட் அரை அங்குலம் இறங்கினால் சரியான இறுக்கம். பெல்ட்டின் மேலே தகரமோ கம்பி வலையோ போட்டு மூடிவிட வேண்டும். வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ மாட்டினால் 1500 சுற்று ஓடுகிற எஞ்சின் காத்துக்கொண்டிருக்காது. இதைச் செய்யாமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

இனி ஒயர். ஆல்டர்னேட்டரிலே பாட்டரிக்குப் போகிற தடித்த முனை ஒன்று. அதன் உடலே நெகட்டிவ். சின்னதாக இன்னொரு முனை இருக்கும், காரிலே சார்ஜ் விளக்குக்குப் போகிறது அதுதான். எல்லாம் மாட்டியும் சார்ஜ் ஏறவில்லை என்று தலையைச் சொறிகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சின்ன முனையை விட்டவர்களாகத்தான் இருப்பார்கள். பாட்டரி பாசிட்டிவ்விலிருந்து ஒரு சுவிட்ச், அதிலிருந்து ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு, பல்பிலிருந்து அந்த முனை. சுவிட்சைப் போட்டதும் பல்பு எரியும்; எஞ்சின் வேகம் எடுத்து சார்ஜ் ஏற ஆரம்பித்ததும் அணையும். எஞ்சின் நின்றதும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். தடித்த ஒயர் 10 சதுர மில்லிமீட்டர் தாமிரமாக, 3 மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். மெல்லிசு ஒயரில் வோல்டேஜ் வழியிலேயே செத்துப்போகும். பாட்டரி என்றைக்கும் நிறையாது. பாட்டரி அருகிலேயே ஒரு பியூஸ். இன்னொன்று: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டரி ஒயரைக் கழற்றவே கூடாது. கழற்றின அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி, ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிற டயோடு எரிந்துவிடும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றிக் கொடுத்தாலும் அதே கதிதான்.

எவ்வளவு நேரம் ஓட்டணும்னு கேட்பீங்க. ஒரு வீட்டில் 9 வாட் பல்பு நாலு, 5 மணி நேரம் எரிகிறது, 30 வாட் மின்சாரம் எடுக்கிற புது வகை மின்விசிறி ஒன்று, 8 மணி நேரம், நாலு செல்போன். எல்லாம் சேர்ந்து சுமார் 500 வாட் மணி, அதாவது அரை யூனிட். 12 வோல்ட் பாட்டரியில் இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்தால் 50 ஆம்பியர் மணி. போட்டதெல்லாம் திரும்பி வராது, ஆகவே 60 போட வேண்டும். 30 ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் தண்ணீர் இறைத்தால் ஒரு ராத்திரி கழிந்தது. அதற்காக ஒரே பாட்டரியில் 30 ஆம்பியரைத் திணிக்காதீர்கள். பாட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் அது சுகமாகச் சாப்பிடும் அளவு. 150 ஆம்பியர் மணி பாட்டரிக்கு 15. ஆகவே ஒரே வகை, ஒரே வயசு பாட்டரி இரண்டை, பாசிட்டிவ்வோடு பாசிட்டிவ், நெகட்டிவ்வோடு நெகட்டிவ் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழட்டுப் பாட்டரியைப் புதுசோடு சேர்த்தால் கிழடு புதுசையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

30 ஆம்பியர் கொடுக்க ஆல்டர்னேட்டர் எஞ்சினிடம் வாங்குகிற சக்தி ஒரு குதிரைசக்திக்குக் கொஞ்சம் மேலே. அதனால்தான், தண்ணீர் இறைக்கும்போதே சேர்த்து ஓட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பாட்டரிக்காக மட்டும் 5 குதிரைசக்தி எஞ்சினை ஓட்டினால் கட்டுப்படியாகாது. வேலை கால் பங்கு ஆனதற்காக டீசல் கால் பங்கு ஆவதில்லை. எஞ்சின் சும்மா உருண்டாலே குடிக்கும். பம்பும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து எஞ்சின் கரும்புகை கக்கினால், சுமை தாங்கவில்லை என்று அர்த்தம். பம்பில் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள்.

பாட்டரி முக்கால் பங்கு வேகமாக ஏறும். கடைசிக் கால் பங்கு நத்தை மாதிரி. அதுக்காக டீசலை ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். வீட்டுக் கூரையில் ஒரு சூரிய ஒளித் தகடு இருந்தால், அந்தக் கடைசிக் கால் பங்கை வெயில் பார்த்துக்கொள்ளும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. நித்தியப்படிக்குத் தகடு, வெயிலே முகம் காட்டாத கார்த்திகை மழைக்கு எஞ்சின். புதுசாக வருகிற லித்தியம் பாட்டரியை மட்டும் இந்த ஆல்டர்னேட்டரில் நேரடியாக மாட்ட வேண்டாம். அது ஆல்டர்னேட்டரின் முழுச் சக்தியையும் விடாமல் இழுத்து, சுருளைப் புகைய வைத்துவிடும்.

இப்போது உயிர் விஷயம். மழை அடிக்கிறது என்று எஞ்சினைத் திண்ணைக்கும் அறைக்கும் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டாதீர்கள். புகையில் இருக்கிற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். மேலே கூரை இருக்கலாம், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். பாட்டரி ஏறும்போது எரிகிற வாயு வெளியாகும். அதன் பக்கத்தில் பீடி, தீக்குச்சி, காடா விளக்கு எதுவும் கூடாது. ஆசிட் கையில் பட்டால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது லைன்மேனின் உயிர். சிலர் ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ வீட்டுப் பிளக்கில் சொருகி, வீடு முழுக்க வெளிச்சம் என்று சந்தோஷப்படுவார்கள். மெயின் சுவிட்ச் அணைக்காமல் இருந்தால், அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. கம்பி வழியே தெருவுக்குப் போகும், டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை நம்ம வீட்டுக்குத் தகுந்தபடி இறக்குகிற மாதிரியே, நாம் அனுப்புகிற 230 வோல்ட்டை 11,000 ஆக ஏற்றியும் விடும். லைன் ஆப் ஆகியிருக்கு என்று நம்பிக் கம்பத்தின் மேலே ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். தானே புயலில் அப்படி மேலே ஏறினவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்கூட இல்லை. நமக்காக வேறு மாவட்டத்திலிருந்து பெண்டு பிள்ளைகளை விட்டு வந்தவர்கள். ஆகவே பாட்டரி விளக்குக்குத் தனி ஒயர், தனி ஹோல்டர். வீட்டு ஒயரிங்கோடு சேர்க்கத்தான் வேண்டும் என்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். அதில் ஒன்று லைன், இல்லாவிட்டால் பாட்டரி. இரண்டும் ஒன்றாகச் சேரவே முடியாது.

தை பிறந்து மழை விட்டதும் பெல்ட்டைத் தளர்த்தி வையுங்கள். பாட்டரியைச் சும்மா போட்டுவிடாமல் மாதம் ஒரு தடவை முழுக்க ஏற்றி, டிஸ்டில்ட் வாட்டர் குறைந்திருந்தால் கோடு வரைக்கும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் ஒரே வருஷத்தில் தகடு கெட்டுவிடும். முனைகளில் பூத்திருக்கிற பச்சையை வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, வாசலின் தடவி வைத்தால் அடுத்த ஐப்பசிக்குத் தயார்.