உறைபனி கூறும் வரலாறு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பனி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான். வெயில் ஏறினால் அது மறைந்துவிடும். இமயத்தில் பெய்யும் உறைபனியோ மாதக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கிறது. வடபுலத்தில் குடியேறிய நாம் கோடையில் காணும் ஆற்றுநீரில் அதன் பங்கு பெரிது. அப்பனி நீர்க் களஞ்சியம் மட்டுமன்று. சென்ற நாட்களின் வானிலையைப் பதிந்து வைத்த ஏடுமாகும் என்பதையே இன்று கூற விழைகிறேன்.

அவ்வேட்டைப் படிப்பது எவ்வாறு? ஆய்வாளர் தரை தெரியும்வரை பனியில் குழி வெட்டி, அதன் சுவரை நோக்குவர். இடையே கண்ணாடி போன்ற மெல்லிய பனிக்கட்டித் தகடு இருந்தால், வெயிலிலோ மழையிலோ மேற்பரப்பு நனைந்து மீண்டும் உறைந்தது என்று பொருள். நொறுங்கிய பொடி இறுகியிருந்தால், பெருங்காற்று வீசியிருக்கிறது. அடியில் சர்க்கரை போன்ற பருமணிகள் இருந்தால், சிறிதளவே பனி பெய்தபின் தெளிந்த வானத்தோடு கடுங்குளிர் நெடுநாள் நீடித்தது எனலாம். பழுப்புக் கோடு புழுதிக் காற்றின் அடையாளம்.

பின்னர், அளவறிந்த குழாயில் பனியை எடுத்து நிறுப்பர். உயரத்தை மட்டும் கண்டு ஏமாறலாகாது. ஒரு மீட்டர் புதுப்பனியை உருக்கினால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீரே தேறும். நாட்பட்டு இறுகிய பனி 30 முதல் 40 சென்டிமீட்டர் தரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நெவாடாவில் இவ்வாறு பனியை நிறுத்து, டாஹோ ஏரியின் நீர் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டிச் சொன்னவர் ஜேம்ஸ் சர்ச். அவர் இலத்தீன் மொழிப் பேராசிரியர் என்பது மொழியன்பர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி!

இக்கலையோடு நமக்கும் உறவுண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை முன்னோர் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறோம். அதன்பின், மழை பொய்ப்பதை முன்னறிய வழி தேடிய இந்திய வானிலைத் துறைத் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் இந்தியாவில் பருவமழை குறையும் என்று 1884இல் எழுதினார். அவ்விதி எல்லா ஆண்டுகளிலும் பலிக்கவில்லை. எனினும் பனியையும் மழையையும் இணைத்து எண்ணும் வழி திறந்தது.

ஓராண்டுப் பனி வேனிலில் கரைந்துவிடும். மிக உயரத்தில் கரையாது தங்கும் பனியோ பனிக்கட்டியாக இறுகி, நூற்றாண்டுகளின் கணக்கைக் காக்கிறது. 1997இல் திபெத்தின் தாசுவோபு பனியாற்றில், 7,000 மீட்டருக்கும் மேலே, துளையிட்டுப் பனித்தண்டுகளை எடுத்தனர். அவற்றுள் புழுதியும் உப்பும் மிகுந்த அடுக்குகள் பருவமழை நலிந்த காலங்களின் சுவடுகள். ஓராயிரம் ஆண்டுகளில் 1790 முதல் 1796 வரை நேர்ந்த வறட்சியே மிகக் கொடியது என்று அவை காட்டின.

அன்பர்களே! இன்று இமயத்துப் பனியாறுகள் தேய்ந்து வருகின்றன. உருகிய நீர் கீழிறங்கினால் அடியிலுள்ள அடுக்குகளும் குழம்பிவிடும். கரையான் அரித்த சுவடிகளை ஊர் ஊராகத் தேடிக் காத்த மரபினர் நாம். அழியுமுன் படிக்கவேண்டிய ஏட்டின் அருமை நமக்குத் தெரியாததன்று. விடுமுறையில் மலைக்குச் செல்லும்போது குழந்தைகளைப் பனியில் விளையாட விடுங்கள். அதன் அடுக்குகளையும் ஒருமுறை காட்டுங்கள்.